சால்மனுக்கு வில்லி கன்னா, ஆலிஸ் ஷ்ரிம்ப்பா?

ஆற்றில் ஏறிவிட்ட அட்லாண்டிக் சால்மன் இரை தேடுவதில்லை என்பதால், தூண்டிலில் கட்டும் செயற்கை ஈ அதன் பசியைவிடப் பழைய வேட்டைப் புத்தியையே சீண்ட வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து ஆறுகளில் பெயர்பெற்ற வில்லி கன், ஆலிஸ் ஷ்ரிம்ப் என்ற இரு செயற்கை ஈக்களும் அதை வெவ்வேறு வழியில் செய்கின்றன.

வில்லி கன்னின் சிறகுப் பகுதியில் கறுப்பு, மஞ்சள், ஆரஞ்சு மான்வால் முடிகள் கலந்திருக்கும். கொக்கியின் மேல் அல்லாமல் கனமான பித்தளைக் குழாயின் மேல் கட்டினால், வசந்தகாலத்தின் குளிர்ந்த பெருநீரில் அது நன்றாக ஆழத்திற்கு இறங்கும்.

ஆலிஸ்டர் கோவன்ஸ் உருவாக்கிய ஆலிஸ் ஷ்ரிம்ப்பைக் கையில் எடுத்தால், கொக்கியையும் தாண்டி நீளும் ஆரஞ்சு வால்தான் முதலில் கண்ணில் படும். நனைந்ததும் வாலின் முடிகள் ஒன்றுசேர்ந்து, இறாலின் உணர்கொம்புகளைப் போல நீரோட்டத்தில் துடிக்கும். கோடையில் நீர் வற்றித் தெளியும்போது இதன் சிறிய அளவுகளையே நான் முழுமையாக நம்புவேன். நீர் உயர்ந்து குளிர்ந்திருக்கும் நாட்களில் மட்டும் வில்லி கன்னுக்கு மாறுவேன்.