ஏ320-இலும் 787-இலும்: பனித் தடுப்போடு பறந்த குளிர்காலங்கள்

இறக்கையில் பனி படிந்தால் எடை கூடிவிடும், அதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். எடையை விட வடிவம் கெடுவதுதான் பெரிய சிக்கல். முன்விளிம்பில் உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பு வந்தாலே போதும், காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும். தூக்குவிசை குறையும்.

பல வருடம் ஏர்பஸ் ஏ320, அப்புறம் போயிங் 787 ஓட்டியிருக்கிறேன். பனித் தடுப்பில் எது மேல் என்றால், தயங்காமல் 787 என்பேன்.

ஏ320-இல் எல்லாம் விமானியின் கையில். வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்து, கூடவே மேகமோ மழையோ மூடுபனியோ இருந்தால் இன்ஜின் ஆன்டி-ஐஸ் (பனித் தடுப்பு) பட்டனை அழுத்த வேண்டும். பனி கண்ணில் படும்வரை காத்திருக்கக் கூடாது. 10 டிகிரியில் எப்படி உறையும்? இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அதன் வாயில் அழுத்தம் குறைகிறது, வெப்பமும் இறங்குகிறது. அங்கே சேர்ந்து உடையும் கட்டி நேராக ஃபேன் பிளேடில்தான் விழும். இன்ஜின் வாய்க்குச் சூடான காற்றை விடும் வால்வில் எனக்கு மிகவும் பிடித்தது, மின்சாரம் போனால் அது தானாகத் திறந்துகொள்ளும் என்பது.

இறக்கைக்குக் கணக்கு வேறு. முன்கண்ணாடிகளுக்கு நடுவே வெளியே நீட்டியிருக்கும் சிறு கம்பியில் பனி சேர்கிறதா என்று பார்ப்போம். சேர்ந்தால், இன்ஜினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து எடுக்கும் சூடான காற்றை ஒவ்வொரு இறக்கையிலும் வெளிப்பக்க மூன்று ஸ்லாட்டுகளுக்குள் (slat, முன்விளிம்பில் நகரும் பகுதிகள்) விடுவோம். அவ்வளவுதான். மீதி இறக்கைக்கும் வாலுக்கும் சூடு கிடையாது. அங்கே பனி இருந்தாலும் பறக்க முடியும் என்று சான்றளிப்பின்போதே நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் காற்றை எடுத்தால் இன்ஜினின் உந்துவிசை குறையும். இறங்கும்போது ஐடில் சுழற்சி (இன்ஜினின் குறைந்தபட்ச வேகம்) உயர்வதால் விமானம் இறங்க மறுக்கும், உயரத்தை முன்கூட்டியே குறைக்கத் தொடங்க வேண்டும்.

787-இல் இறக்கைக்குச் சூடான காற்றே வேண்டாம். ஸ்லாட்டுகளுக்குள் மின்சூடேற்றிகள் ஒட்டியிருக்கின்றன. காற்றை வெளியேற்றும் துளைகள் தேவையில்லாததால் இழுவையும் இரைச்சலும் குறைவு. இன்ஜின் வாய்க்கு மட்டும் இன்னும் பழையபடி சூடான காற்றுதான். பறக்கும்போது பனியை உணரிகளே கண்டுபிடித்து அமைப்பை இயக்கிவிடுகின்றன. மனிதன் மறப்பான் என்பதை ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு இது. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனிப்பொழிவில் கிளம்பிய ஏர் ஃப்ளோரிடா 737-இல் இன்ஜின் ஆன்டி-ஐஸை இயக்கவில்லை. அழுத்த உணர்குழாய் உறைந்து, இன்ஜின் திறனைக் கருவி கூட்டிக் காட்டியது. இறக்கையிலும் பனி இருந்தது. போடோமாக் ஆற்றில் விழுந்த அந்த விபத்தில் 78 பேர் இறந்தார்கள்.

சரி, 787 வந்துவிட்டால் கவலை விட்டதா? தரையில் நிற்கும்போது இறக்கைமேல் விழும் பனிக்கு எந்த விமானத்தின் சூடேற்றியும் பதில் இல்லை. டீ-ஐசிங் வண்டிதான் வர வேண்டும். டைப் 1 என்னும் ஆரஞ்சு நிறத் திரவத்தைச் சூடாக அடித்துப் பனியை நீக்குவார்கள். பொழிவு தொடர்ந்தால் அதன்மேல் கெட்டியான பச்சை நிற டைப் 4. இது இறக்கையில் தங்கிப் புதுப் பனியைத் தடுக்கும், ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது வழிந்துவிடும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது பொழிவின் வகையையும் வெப்பநிலையையும் பொறுத்தது. வரிசையில் நிற்கையில் அந்த நேரம் கடந்துவிட்டால், பின்னால் எத்தனை விமானம் காத்திருந்தாலும் திரும்பிப் போய் மறுபடி அடித்துக்கொண்டுதான் வருவேன்.