தின்னர் பழக்கம் இருந்த ராணுவ வீரருக்கு 14416 எவ்வளவு உதவும்?

பெயின்ட் தின்னர், பஞ்சர் சொல்யூஷன், பெட்ரோல் என்று எதையாவது முகர்ந்து பழகிய ஒரு ஜவானுக்குத் தூக்கம் கெட்டு, எரிச்சல் கூடி, மறதியும் சேர்ந்தால் எங்கே கேட்பது? மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416-ஐத்தான் முதலில் சொல்வோம். 2022 அக்டோபர் 10 முதல் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். ஆயுதப்படையினருக்கும் குடும்பத்தாருக்கும் என்றே 2023 டிசம்பர் 1 அன்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவு தொடங்கினார்கள். இது பெரிய நல்ல விஷயம். மெடிக்கல் கேட்டகரி, அதாவது ராணுவத்தில் தரும் உடல்தகுதித் தரம், இறங்கிவிடுமோ என்று வாயே திறக்காதவர் பலர். அவருக்குப் பதில் மனைவியோ அப்பாவோ கூப்பிடலாம்.

முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். ராணுவம் என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

"போதைப் பழக்கம் இருந்தது" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் மனம் சாராயம், கஞ்சா என்றுதான் போகும். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளில் இருக்கும் கரைப்பான் ரசாயனம் டொலுவீனா, ஹெக்சேனா என்று படித்துச் சொல்லுங்கள். எத்தனை வருஷம், நாளைக்கு எத்தனை தடவை, துணியில் நனைத்தா பைக்குள் ஊற்றியா, கடைசியாக எப்போது, வேலையே வொர்க்‌ஷாப்பிலோ பெயின்ட் ஷெட்டிலோவா என்பதும் வேண்டும்.

டொலுவீன் கொழுப்பில் கரைவது. வருஷக்கணக்கில் முகர்ந்தால் மூளையின் வெண்பகுதியை அரிக்கும். பேச்சு மெதுவாகும், நடை தள்ளாடும், சொன்னது மறக்கும். போர்முனை அதிர்ச்சியோ மனச்சோர்வோ தலையில் பட்ட அடியோ இருந்தாலும் இப்படித்தான் தெரியும். எல்லாம் ஒன்றாகவும் இருக்கலாம். டொலுவீனால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் தசை தளர்ந்து, குந்தி உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ மாட்டார். வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். ஹெக்சேன் என்றால் சாக்ஸ் போட்ட மாதிரி பாதம் மரத்துப்போகும்.

போனில் இதையெல்லாம் அளக்க முடியாது. இந்தச் சேவையின் எல்லை அங்கேதான். அதனால் ஆறுதலோடு போனை வைத்துவிடாமல், எந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போவது என்று கேட்டு வாங்குங்கள். அங்கே பொட்டாசியம், ஈசிஜி, நரம்புப் பரிசோதனை மூன்றையும் கேளுங்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வழக்கமான சிறுநீர்ப் போதைச் சோதனையில் இந்த ரசாயனங்கள் சிக்காது. "கிளியர்" என்று வந்தால் பழக்கம் விட்டுப்போனதாக நம்பிவிடாதீர்கள்.

முகரும் ஆசையை அடக்கவென்று தனி மருந்து கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் அதிர்ச்சிக்கும் சிகிச்சை உண்டு. தொடர் ஆலோசனையும் வேண்டும். ஓய்வு பெற்றுத் துப்பாக்கியோடு வங்கிக் காவலுக்குப் போகிறவர் சாகிற பேச்சு எடுத்தால், அதை அழைப்பிலேயே சொல்லுங்கள். அன்றைக்கே அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும்.

இப்போதுதான் முகர்ந்து மயக்கத்தில் இருக்கிறார் என்றால் 14416 வேண்டாம், 108-ஐ அழையுங்கள். கையில் பை இருக்கிறது என்று துரத்தவோ கத்தவோ கூடாது. அந்த நேரத்தில் இதயம் அட்ரினலினைத் தாங்காது. திடுக்கிட்டாலே துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். தன்மையாகப் பேசி உட்கார வையுங்கள், ஜன்னலைத் திறங்கள், பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள்.