பால்சாவா, ஃபோமா? புளியரை வயலில் மெல்லப் பறக்க

செங்கோட்டை அருகே உள்ள எங்கள் புளியரையில் சாரல் தொடங்கிவிட்டால் கணவாய்க் காற்று ஓயாது. மெல்லப் பறக்கும் ரிமோட் விமானத்துக்கு அது ஆகாத காலம். ஆகவே சாரலுக்கு முன்பே, அறுவடை முடிந்த வயலில், காலை 6 மணிக்கே கிளம்பிவிடுவேன். அந்த விமானத்தைப் பால்சா என்னும் எடை குறைந்த மரத்தில் செய்வதா, தெர்மாகோல் போன்ற ஃபோமில் செய்வதா என்பதுதான் கேள்வி. இரண்டிலும் செய்து பார்த்தேன்.

இறக்கை 100 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், மொத்த எடை 240 கிராம் என்பது என் கணக்கு. இறக்கைப் பரப்பில் சதுர டெசிமீட்டருக்கு 12 கிராம் சுமை. மணிக்கு 15, 16 கிலோமீட்டர் வரை வேகம் குறைந்தாலும் இறக்கை தாங்கும், சைக்கிள் வேகம்தான். 250 கிராமைத் தாண்டாததால், 2021 ட்ரோன் விதிகளின்படி இது நானோ வகை. ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. மோட்டார், பேட்டரி பால்சாவுக்கும் ஃபோமுக்கும் பொது. அதில் பேச ஒன்றுமில்லை.

முதலில் செய்தது பால்சாவில். விறைப்பானது, வெளிச்சத்தில் பிடித்தால் இறக்கைக்குள் இருக்கும் விலா எலும்பு போன்ற சட்டங்கள் தெரியும், அழகு. அதில் ஃபோம் கிட்டே வராது.

ஆனால் விழுந்தால் முதலில் முறிவது வால். ஒட்டினேன், பசையும் பட்டையுமாக 3 கிராம் கூடியது. வால் ஈர்ப்பு மையத்துக்கு 50 செ.மீ. பின்னால், மூக்கு 15 செ.மீ. முன்னால். பின்பக்க 3 கிராமைச் சரிக்கட்ட மூக்கில் 10 கிராம் ஈயம் வேண்டும். பேட்டரியை முன்னே தள்ளலாமே என்பீர்கள். அது ஏற்கெனவே மூக்கை முட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆக, ஒரு முறிவுக்கு 13 கிராம். மூன்று முறிவில் 279 கிராம்! நானோ வகையும் போயிற்று, மெல்லப் பறப்பதும் போயிற்று.

வயல்கார அண்ணாச்சி பார்த்துவிட்டுக் கேட்டார்: "புதிதாக ஒரு வாலை வெட்டிப் போட வேண்டியதுதானே, தம்பி?" பால்சாவில் அதற்கு இரண்டு மாலைப் பொழுது வேண்டும்: வெட்டி, ஒட்டி, தேய்த்து, மேலே போர்த்தும் மெல்லிய ஃபிலிமை இஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். அலுப்பில் கை பசையைத்தான் தேடும். ஃபோமிலோ அட்டை அச்சை வைத்துக் கத்தியால் அரை மணி நேரத்தில் வெட்டிவிடலாம். பழைய வால் குப்பைக்கு. எடை முதல் நாள் எடையே.

ஃபோமுக்கும் சேட்டை உண்டு. கார்பன் குச்சி வைக்காவிட்டால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். சாதாரண சூப்பர் பசை அதைத் தின்றுவிடும். என் முதல் இறக்கையில் குழி குழியாக விழுந்தது அப்படித்தான். என் ஃபோம் விமானத்துக்கு வயது 7 மாதம். வெயிலில் நாள்பட எப்படி ஆகும் என்று சொல்ல அந்த வயது போதாது. பால்சாவையும் நான் ஒரே பருவம்தான் பறக்கவிட்டேன். கை தேர்ந்தவர்கள் 3 கிராமுக்குக் குறைவாகவே ஒட்டக்கூடும்.

பால்சா இப்போது வீட்டு முன்னறையில் தொங்குகிறது. மோட்டாரையும், விமானத்தைத் திருப்பும் மடல்களை அசைக்கிற சர்வோக்களையும் கழற்றி ஃபோமுக்கு மாற்றிவிட்டேன்.