98 காட்டினால் எல்லாம் சரியா? பல்ஸ் ஆக்சிமீட்டருடன் ஐந்து வருடங்கள்

2020 கடைசியில், கொரோனா பயத்தில் வாங்கியது இந்த ஆக்சிமீட்டர். விரலில் கிளிப் மாதிரி மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்திலும், கூடவே நாடித்துடிப்பையும் காட்டும். அப்போது எல்லாரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். தொற்று அடங்கியதும் பல வீடுகளில் அது மருந்துப் பெட்டியின் அடிக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் மட்டும் மூக்குக் கண்ணாடி மாதிரி அன்றாடப் பொருளாகிவிட்டது. காரணம் அப்பாவின் சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். முப்பது வருடம் விடாமல் புகைத்ததற்கு நுரையீரல் கட்டிக்கொண்டிருக்கும் வட்டி. முதல் கருவி மூன்றரை வருடம் உழைத்தது. இப்போது ஓடுவது இரண்டாவது.

வாங்கிய புதிதில் என் பயமெல்லாம் 94 என்ற எல்லையைப் பற்றித்தான். அதற்குக் கீழே இறங்கினால் ஆபத்து, மேலே இருந்தால் நிம்மதி. மலைப்பகுதியில் இல்லாத, ஆரோக்கியமான ஒருவருக்கு 95 முதல் 100 வரை இருக்கும் என்பது சரிதான். ஆனால் இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் விவகாரம் முற்றியது இரண்டு முறை. இரண்டு முறையும் கருவி காட்டியது பார்க்க அழகான எண்.

முதலாவது அம்மா விஷயம். "மாடி ஏறினா மூச்சு வாங்குதுடா" என்று அம்மா சொல்ல ஆரம்பித்ததும், விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். 98. மறுநாள் 97. "உனக்கு ஒண்ணும் இல்லம்மா, வயசாகுதுல்ல" என்று முடித்துவிட்டேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. அதற்குள் துணி மடிப்பதற்கே நடுவில் உட்கார்ந்து எழ வேண்டிய நிலை. வேறு எதற்கோ போன இடத்தில் டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 6.9. பெண்களுக்கு 12 ஆவது இருக்க வேண்டும்.

கருவி சொன்னது உண்மைதான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதைக் குடம் என்று வைத்துக்கொண்டால், இருக்கிற குடங்களில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதைத்தான் ஆக்சிமீட்டர் எண்ணுகிறது. வீட்டில் மொத்தம் எத்தனை குடம் என்பது அதற்குத் தெரியாது. அம்மாவிடம் குடமே பாதிதான் இருந்தது. அந்தப் பாதியும் தளும்பத் தளும்ப நிரம்பியிருந்ததால் 98. ரத்தசோகைக்கு மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் அம்மா பழையபடி மாடி ஏறினார். விரலில் மாட்டினால் அப்போதும் 98தான்!

இது புரிந்த பிறகுதான் இந்தச் சின்ன டப்பா எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். மேல் தாடையில் இரண்டு விளக்குகள். ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு, இன்னொன்று 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. கீழ்த் தாடையில் ஒளியை உணரும் சென்சார். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் தடுக்காது, அகச்சிவப்பை விழுங்கும். ஆக்சிஜன் இல்லாதது இதற்கு நேர்மாறு. சரி, நடுவில் இருக்கும் சதை, எலும்பு, நகம் எல்லாமும் ஒளியை உறிஞ்சுமே, அதை எப்படிக் கழிப்பது? அவை துடிப்பதில்லை, தமனி ரத்தம் மட்டும் துடிக்கிறது. துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தகுவோ அயோயகி கண்டுபிடித்தது இதைத்தான். இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் கணக்கிடும் வேலையில் அவர் இருந்தார். அதில் நாடித்துடிப்பு ஒரு தொந்தரவாகக் குறுக்கிட்டது. அந்தத் தொந்தரவே பிறகு கருவியின் உயிர்நாடி ஆனது. கருவி உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்த 2020ல், ஏப்ரல் மாதம், அவர் இறந்துபோனார்.

இரண்டாவது சம்பவம் அப்பாவுடையது. அதை எழுத இன்னும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாகத் தரும் கருவி) வைத்துக்கொள்ளச் சொன்னபோது, டாக்டர் சீட்டில் '1 லிட்டர், 88 முதல் 92' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதன் அர்த்தம் எனக்குச் சரியாகப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. ஒருநாள் தம்பி வந்தவன் அப்பாவின் விரலில் 89 இருப்பதைப் பார்த்துப் பதறி, ஃப்ளோவை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் என்பதை, 3க்குத் திருப்பினான். நான் தடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் 96. வீடே சிரித்தது. இத்தனை நாள் அவரைப் பட்டினி போட்டுவிட்டோமே என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை எழும்போதே தலைவலி என்றார். அதற்கடுத்த நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. முகம் லேசாகச் சிவந்து, கை வெதுவெதுப்பாக இருந்தது. "பாவம், இப்பத்தான் நல்லாத் தூங்குறார்" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். கிளிப்பில் 97. மாலையில் எழுப்பினால் யாரென்று தெரியாமல் விழித்தபோதுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடு தாறுமாறாக ஏறியிருந்தது.

"யாரு ஃப்ளோவைக் கூட்டினது?" என்றார் டாக்டர். தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

சி.ஓ.பி.டி. முற்றிய சிலருக்கு, தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால்தான் அவர்களுக்கு இலக்கையே 88 முதல் 92 என்று வைக்கிறார்கள். வெளியேறாத காற்றைப் பற்றி விரல் கிளிப்புக்கு ஒன்றும் தெரியாது. மூச்சு மந்தமாகி ஆள் மயங்கிக்கொண்டிருந்தாலும், குழாயில் ஆக்சிஜன் தாராளமாக வந்துகொண்டிருந்தால் 97 காட்டிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு இரவு மூச்சுக் கருவியின் முகமூடி போட்டு மீட்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் ஃப்ளோவைக் குறைக்கக் கிளம்ப வேண்டாம். நாங்களாகக் கூட்டியது எவ்வளவு தப்போ, கேட்காமல் குறைப்பதும் அவ்வளவு தப்பு.

ஆக, ஒரே வீட்டில் ஒரே கருவி. அப்பாவுக்கு 90 என்றால் நல்ல நாள். எனக்கு 90 என்றால் மருத்துவமனைக்கு ஓடச் செருப்பைத் தேட வேண்டிய நேரம்.

நல்ல எண் ஏமாற்றும் வழிகள் இன்னும் இருக்கின்றன. புகை சூழ்ந்த அறையில் கார்பன் மோனாக்சைடை சுவாசித்தவருக்கு, அந்த விஷம் ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியது என்றே இந்தக் கருவி எண்ணிக்கொள்ளும். ஆள் ஆபத்தில் இருப்பார், திரையில் 99 இருக்கும். இன்னொன்று தோல் நிறம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத முறை, வெள்ளையர்களிடம் 3.6 சதவீத முறை. ஏறக்குறைய மூன்று மடங்கு. அதாவது தோல் கறுக்கக் கறுக்கக் கருவி இருப்பதைவிடக் கூட்டிச் சொல்லும் வாய்ப்பு அதிகம். எங்கள் குடும்பத்தில் யாரும் வெளுப்பு இல்லை. அதனால் 93, 94 என்று விளிம்பில் நிற்கும் எண்ணை நான் ஒரு படி சந்தேகத்துடனேயே பார்க்கிறேன்.

துல்லியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் '± 2' என்று போட்டிருந்தது. 95 என்றால் 93க்கும் 97க்கும் நடுவில் கட்டாயம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி இல்லையாம். மூன்றில் இரண்டு பங்கு ரீடிங் மட்டும்தான் அந்த வட்டத்துக்குள் வரும். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2021ல் கொடுத்த எச்சரிக்கையில் இதை வெளிப்படையாகவே சொன்னது: அனுமதி பெற்ற கருவியில் 90 என்று வந்தால், உண்மை 86 முதல் 94 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். புதுக் கருவி வந்த அன்று பழையதையும் அதையும் இரண்டு விரல்களில் மாட்டிப் பார்த்தேன். 96, 98. எது சரி என்று கேட்டுப் பயனில்லை. அன்று முதல் ஒருவருக்கு எப்போதும் ஒரே கருவி, ஒரே விரல் என்று வைத்துக்கொண்டோம். தனி எண்ணைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அதிகம் சொல்கிறது.

மோசமான எண் பொய்யாக வருவதும் உண்டு. ஆனால் அது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை, ஓரிரு மாதத்தில் பழகிவிடும். அம்மாவின் விரல்கள் எப்போதும் சில்லென்று இருக்கும். ஒரு விடிகாலை 86 காட்டியது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மாவோ சாவகாசமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கையைச் சூடுபறக்கத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் 97. திரையின் ஓரத்தில் பி.ஐ. என்று ஓர் எண் வருமே, விரலில் துடிப்பு எவ்வளவு பலமாகப் பாய்கிறது என்பதன் அளவு அது. அன்று 0.3 இருந்தது, தேய்த்த பிறகு 1.8. அது மிகக் குறைவாக இருக்கும்போது மற்ற எண்களை நான் நோட்டில் ஏற்றுவதில்லை. நகப்பூச்சு, விரல் நடுக்கம், நேராக விழும் வெயில் எல்லாமே ரீடிங்கைக் கெடுக்கும். மாட்டியதும் முதலில் வரும் எண்ணை எழுதாமல், ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, எண் ஒரு நிமிடம் நிலையாக நின்ற பிறகே எழுதுகிறேன்.

ஒருமுறை விளையாட்டாக மூச்சை அடக்கிப் பார்த்தேன். நாற்பது விநாடி தாண்டியும் 97 அசையவில்லை. மூச்சை விட்டு, வாங்கி, அப்பாடா என்று உட்கார்ந்த பிறகு மெல்ல 94க்கு இறங்கியது. நுரையீரலில் நடப்பது விரல் நுனிக்கு வந்து சேர நேரம் பிடிக்கிறது, கருவியும் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. ஆகவே அப்பா குளியலறைக்குப் போய்வந்ததும் உடனே பார்த்துவிட்டு விடுவதில்லை, இரண்டு நிமிடம் விரலிலேயே விட்டுவைக்கிறேன். உட்கார்ந்த நிலையில் 90 காட்டுபவர் அந்தச் சின்ன நடையில் 85 வரை போவார். எத்தனை நேரத்தில் மேலே ஏறி வருகிறார் என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். இரண்டு நிமிடத்துக்குள் வந்தால் வழக்கம்போல. ஐந்து நிமிடமாகியும் தவித்தால் அன்று டாக்டருக்கு ஃபோன் போகும்.

நாடித்துடிப்பு எண்ணை முதல் இரண்டு வருடம் நான் பார்க்கவே இல்லை. பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். அப்பாவுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கிய மூன்று முறையும், ஆக்சிஜன் குறைவதற்கு ஓரிரு நாள் முன்பே ஓய்வில் இருக்கும்போதான துடிப்பு 84லிருந்து நூறைத் தாண்டியிருந்தது. எல்லாருக்கும் இப்படியா என்பது வேறு விஷயம், எங்கள் அப்பாவுக்கு இதுதான் மணி அடிக்கிறது.

இப்போது நோட்டில் ஐந்து கட்டங்கள். ஆக்சிஜன், துடிப்பு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, கூப்பிட்டால் தெளிவாகப் பேசுகிறாரா, கடைசியாக ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார். கடைசிக் கட்டம் அந்த ஃப்ளோ கலவரத்துக்குப் பிறகு சேர்த்தது. ஆழமாக மூச்சு இழுத்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறுத்தாமல் சொல்ல வேண்டும். நல்ல நாளில் 18 வரை போவார். சரியில்லாத நாளில் 9ல் இடறுவார். இதற்கு பேட்டரியும் வேண்டாம்.

பேட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் கருவி செத்ததற்கு நான்தான் காரணம். மூன்று வாரம் வெளியூரில் இருந்தபோது செல்களைக் கழற்றாமல் போய்விட்டேன். உள்ளே கசிந்து, தொடுமுனைகள் பச்சை பூத்துவிட்டன. அதற்கு முன்பே ஸ்பிரிங் தளர்ந்து, அம்மாவின் மெலிந்த விரலில் ஆடத் தொடங்கியிருந்தது. இப்போதையதன் திரை வெளிச்சத்திலும் தெரிகிறது, எதிரே உட்கார்ந்திருப்பவர் படிக்கும்படி எழுத்து திரும்பவும் செய்கிறது. துடிப்பின் அலைக்கோடும் ஓடுகிறது. அடுத்து வாங்கினாலும் அலைக்கோடும் பி.ஐ.யும் இல்லாததைத் தொடமாட்டேன். உள்ளே இருக்கும் ரப்பரை வாரம் ஒருமுறை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன், ஈரம் சொட்டாமல்.

இரவு தூங்கும்போது மாட்டிவைக்கும் வழக்கம் கொஞ்ச நாள் இருந்தது. விரல் நழுவினாலே கூவும், நான் ஓடுவேன், அப்பா எழுந்து என்னைத் திட்டுவார். நாலாம் நாள் கிளிப்பைத் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "காலையில கேளு, தரேன்" என்றார். இன்றைக்கும் அது அந்தக் கூட்டில்தான் இருக்கிறது. காலையில் கேட்டால்தான் தருகிறார், அதுவும் முதலில் 18 வரை எண்ணிக் காட்டிவிட்டு.