என் கராஜ் மேசையில் ஒரு மக்லாரன்

கத்தாரிலிருந்து வந்த மச்சான் கொடுத்த மாதிரிக் கார் மூன்று மாதமாக மட்டக்களப்புக் கல்லடியில் என் கராஜ் மேசையில் நிற்கிறது. 1988இல் ஓடிய ஃபோர்மியுலா வன் ரேஸ் கார் மக்லாரன் எம்.பி. 4/4, பதினெட்டில் ஒரு பங்கு அளவு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சில்லுகள் திரும்புகின்றன. எஞ்சின் மூடியையும் கழற்றலாம். முதன்முதலாக அதைக் கழற்றிய இரவு வீட்டுக்குப் போகப் பதினொரு மணியாகிவிட்டது.

சிறந்த ரேஸ் கார் எது என்ற பேச்சு வந்தால் என்னிடம் ஓட்டோ திருத்த வருகிறவர்கள் குதிரைவலுவைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். நான் இந்தக் காரைக் கையில் எடுத்துக் கொடுப்பேன். 1988இல் இதைப் போல டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) உள்ள கார்களுக்கு ஓட்டம் முழுவதற்கும் 150 லீற்றர் பெற்றோல்தான். முந்தைய ஆண்டில் 195. டர்போ அழுத்தத்தையும் 4 பாரிலிருந்து 2.5க்கு இறக்கினார்கள். அந்த ஆண்டில்தான் இது 16 ஓட்டங்களில் 15ஐ வென்றது. இதை ஓட்டிய இருவரில் சென்னாவுக்கு 8, புரோஸ்டுக்கு 7.

ஹொண்டா எஞ்சின்தான் காரணம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அதே எஞ்சின் போட்டி அணியான லோட்டஸின் காரிலும் இருந்ததே, அது ஏன் ஒரு ஓட்டத்தைக்கூட வெல்லவில்லை? இத்தாலியின் இமோலாவில், யார் முன்னால் நின்று புறப்படுவது என்று தீர்மானிக்கும் தகுதிச்சுற்றில் சென்னாவின் நேரம் 1:27.148. மூன்றாவதாக வந்த லோட்டஸ் வீரர் பிக்கே எடுத்தது 1:30.500. ஒரே எஞ்சின், ஒரே சுற்று, மூன்று செக்கனுக்கு மேல் வித்தியாசம்!

மூடியைத் திறந்தால் விடை தெரியும். கிளச்சைச் சிறிதாக்கி எஞ்சினைத் தாழ இறக்கியிருக்கிறார்கள். அதற்குப் பொருந்த மூன்று தண்டுகள் கொண்ட கியர்பொக்ஸ். ஓட்டுநர் ஏறக்குறைய மல்லாந்து படுத்திருப்பதால் பின்னிறக்கைக்குக் காற்றுத் தடையின்றிப் போகிறது. வாவியில் தோணி விட்ட என் அப்பா பாரத்தை எப்போதும் அடியில்தான் வைப்பார். கச்சான் காற்றில் கல்லடிப் பாலத்தில் கூரைமேல் மூட்டை கட்டிய ஓட்டோ ஆடுவதைப் பார்த்தவர்களுக்கும் இது புரியும்.

இத்தாலியின் மொன்சா ஓட்டத்தில் மட்டும் தோற்றது. புரோஸ்டின் எஞ்சின் பழுதானது. சென்னா இரண்டு சுற்றுகள் மீதியிருக்க, ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த காரை முந்தப்போய் மோதினார். அந்த ஒன்று இன்றும் எனக்கு வலிக்கிறது.

மாதிரியில் குறை இல்லாமல் இல்லை. இடப்பக்கக் கண்ணாடி இரண்டாம் வாரமே கழன்றது, பசை போட்டு ஒட்டினேன். இருக்கைப் பட்டி வெறும் பிளாஸ்டிக். வாங்குகிறவர்கள் எஞ்சின் மூடி கழலும் வகையையே கேட்டு வாங்குங்கள். மூடி கழலாதது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.