சேலஞ்சர் ஆர்/டி: எடையோடும் விலையோடும் சில ஆண்டுகள்

அமெரிக்காவின் டாட்ஜ் சேலஞ்சர் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து தொடங்குவார்கள். நான் எடையிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் காரை அன்றாடம் ஓட்டுகிறவனுக்கு முதல் நாளே தெரிவதும், எத்தனை ஆண்டு ஆனாலும் பழகிப்போகாததும் அதுதான். என்னுடையது 2016 மாடல் ஆர்/டி வகை. ஹெமி என்று பெயர் கொண்ட 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் (வி8) எஞ்சின், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், 372 குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 1,900 கிலோ. இரண்டே கதவுகள் உள்ள ஒரு காருக்கு இது. டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். அலுவலகத்துக்கும் கோடைக்காலத்து நெடும்பயணங்களுக்கும் இதைத்தான் எடுக்கிறேன்.

சக்திவாய்ந்த எஞ்சின் பூட்டிய அமெரிக்க இருகதவுக் கார்களை மசில் கார் என்பார்கள். “பழைய மசில் கார்கள் மலிவாகவும் லேசாகவும் இருந்தன, இப்போது வருபவை கனமாகவும் யானை விலையாகவும் இருக்கின்றன” என்று இங்கே கார் ஆர்வலர்கள் கூடும் இடமெல்லாம் புலம்பல் கேட்கும். இத்தனை ஆண்டுகள் ஓட்டியபின் எனக்குப் படுவது வேறு. எடை உண்மை. விலைப் புலம்பலில் பாதி கற்பனை. அதைவிட முக்கியம், இந்தக் கார் மலிவாகக் கிடைத்ததற்கே அதன் கனம்தான் காரணம்.

1970 மாடலாக வந்த முதல் சேலஞ்சர் இருகதவுக் கார்களுக்கென வடிவமைத்த தளத்தில் நின்றது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 110 அங்குலம். எஞ்சினைப் பொறுத்து 1,400 கிலோவிலிருந்து 1,700 கிலோ வரை எடை இருந்தது. 2008இல் அந்தப் பெயரை மீட்டபோது, ஆண்டுக்குச் சில பத்தாயிரம் மட்டுமே விற்கக்கூடிய ஓர் இருகதவுக் காருக்குப் புதிதாக அடித்தளம் அமைக்கும் செலவை டாட்ஜின் தாய் நிறுவனமான கிறைஸ்லர் ஏற்கவில்லை. கிறைஸ்லர் 300, டாட்ஜ் சார்ஜர் என்ற பெரிய நான்கு கதவு செடான்களின் தளத்தையே கொஞ்சம் சுருக்கி, 116 அங்குலமாக்கி, மேலே பழைய உருவத்தைப் பொருத்தினார்கள். மெர்சிடிஸ் கார்களைத் தயாரித்த டைம்லரோடு இணைந்திருந்த காலத்தில் உருவான தளம் அது. சஸ்பென்ஷனில் மெர்சிடிஸ் வடிவமைப்பின் சாயல் இன்றும் உண்டு. போட்டிக் காரான செவர்லே காமரோவின் கதையும் இப்படித்தான். 2010 மாடலாக மீண்டும் வந்த காமரோ, ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் நிறுவனம் தன் பெரிய செடானுக்காக உருவாக்கிய தளத்தில் எழுந்தது. எஸ்எஸ் வகை 1,750 கிலோ. ஃபோர்டின் மஸ்டாங் மட்டும் 2005இல் தனக்கென ஒரு தளத்தோடு வந்தது. அதிலும் செலவைக் குறைக்கப் பழைய பாணி ஒற்றைப் பின் அச்சையே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அன்றைய வி8 மஸ்டாங்கான ஜிடி 1,600 கிலோவுக்குள் நின்றது.

பாதுகாப்புச் சட்டங்கள் இன்னொரு காரணம். 2009இல் திருத்திய அமெரிக்க விதிப்படி, காரின் கூரை அந்தக் காரின் எடையைப் போல் மூன்று மடங்கைத் தாங்க வேண்டும்; அதற்கு முன்பு ஒன்றரை மடங்கு போதும். இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். கார் கனமானால் கூரைக்கு இன்னும் இரும்பு, இரும்பு சேர்ந்தால் கார் இன்னும் கனம். பக்கவாட்டு ஏர்பேக்குகள், வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, 20 அங்குலச் சக்கரங்கள் எல்லாம் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. 1970 சேலஞ்சரில் முன்சக்கர டிஸ்க் பிரேக் கூட கூடுதல் காசு கொடுத்தால்தான் கிடைத்தது. அந்த லேசான எடையை நினைத்து ஏங்குகிறவர்கள் யாரும் அதில் தங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் 75 மைல் வேகத்தில் போக மாட்டார்கள்.

இனி ஓட்டும் அனுபவம்.

கதவிலிருந்தே ஆரம்பமாகிறது. இருகதவுக் கார் என்பதால் ஒவ்வொரு கதவும் நீளம், நல்ல பளு. மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமனார் முதல்முறை ஏறும்போது, “மாப்பிள்ளை, இந்தக் கதவைத் திறந்து மூடவே தனியாக ஓர் ஆள் வைக்க வேண்டும் போலிருக்கிறதே” என்றார். கடைகளின் வாகன நிறுத்தத்தில் பக்கத்து வண்டி நெருக்கி நின்றால் ஒடுங்கித்தான் வெளியே வர வேண்டும். ஆனால் அதே மாமனார், பின்னால் உட்கார்ந்து சிகாகோ வரை வந்துவிட்டு முதுகு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுவயது மனிதர்கள் பின்னிருக்கையில் உட்காரக்கூடிய மசில் கார் இது ஒன்றுதான். டிக்கியில் குடும்பத்தின் பெட்டிகள் எல்லாம் அடங்கிவிடும். செடான் தளத்தின் புண்ணியம். மஸ்டாங்கின் பின்னிருக்கை கைப்பை வைக்கத்தான் உதவும்.

நெடுஞ்சாலையில் இந்த எடை ஒரு வரம். ஐ-75இல் வடக்கே மெக்கினாப் பாலம் நோக்கிப் போகும்போது காற்றுக்கும் லாரிகளுக்கும் அசையாமல் போகிறது. சீரான வேகத்தில் எஞ்சின் தானே நான்கு சிலிண்டர்களை அணைத்துக்கொள்ளும். கேலனுக்கு 25 மைல் என்று அரசு மதிப்பீடு சொல்கிறது. கால் அடக்கமாக இருந்தால் அது எட்டக்கூடியதே. நகரத்துக்குள் 16 மைல் என்பது அதே மதிப்பீடு. மிச்சிகன் குளிர்காலத்தில் அதையும் எதிர்பார்க்காதீர்கள். பெட்ரோலும் சாதாரண ரகம் இல்லை. 89 ஆக்டேன் நடுத்தர ரகத்தைப் பரிந்துரைக்கிறார்கள். பங்க்கில் ஒவ்வொரு முறையும் அந்த விலை வித்தியாசம் கண்ணில் படும்.

வளைவுகளில்தான் கனம் தன்னைக் காட்டுகிறது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வட்டப் பாதைகளில் கார் முன்பக்கமாக வெளியே தள்ளப் பார்க்கிறது. 1,900 கிலோவுக்கு 245 மில்லிமீட்டர் அகல டயர் போதாது என்பது என் எண்ணம். அதே சேலஞ்சரின் ‘வைட்பாடி’ என்ற அகல உடல் வகைகளுக்கு 305 மில்லிமீட்டர் டயர் கொடுத்தார்கள் என்பதே இதற்குச் சாட்சி. பிரேக்கும் அப்படித்தான்: ஒருமுறை அழுத்தினால் உறுதியாக நிற்கிறது, இறக்கத்தில் தொடர்ந்து அழுத்தினால் சூடேறி மந்தமாகிறது. ஒரே வேகத்தில் ஓடும் 1,600 கிலோ காரைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலை அந்தத் தகடுகள் விழுங்க வேண்டியிருக்கிறது. பேடுகள் சீக்கிரம் தேய்வதில் வியப்பில்லை. டயர்களும் அவ்வாறே. 20 அங்குலச் சக்கரத்துக்கான நல்ல டயர் நான்கு மாற்றினால் ஆயிரம் டாலருக்குக் கீழே வருவது கடினம். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள சாலைகளில் பனி உருகியதும் பள்ளங்கள் முளைக்கும். ஒல்லியான டயர் சுவர், கனமான கார், ஆழமான பள்ளம் மூன்றும் சந்தித்தால் சக்கர விளிம்பு வளையும். குளிர்கால டயர்களை 18 அங்குலச் சக்கரங்களில் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். பின்சக்கர இயக்கமுள்ள இந்தக் காரை அவை இல்லாமல் டிசம்பரில் வெளியே எடுப்பது துணிச்சல் என்று சொல்ல முடியாது, அசட்டுத்தனம்.

சர்வீஸ் செலவு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஆயில் ஏழு குவார்ட். ஹெமியில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக மொத்தம் 16. பட்டறையில் கூலி கேட்கும்போது இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ என்ற சத்தம் வருகிறதா, சூடானபின்னும் தொடர்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். எஞ்சின் வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர் என்ற பாகத்தின் தேய்மானம் இந்த எஞ்சின் குடும்பத்தில் பரவலாகப் பேசப்படும் விஷயம்.

காப்பீடுதான் மறைந்திருக்கும் பெரிய செலவு. மிச்சிகன் நெடுங்காலமாக அமெரிக்காவிலேயே கார் காப்பீடு மிகவும் விலை கூடிய மாநிலங்களில் ஒன்று. 2019இல் சட்டத்தைத் திருத்தி, மருத்துவச் செலவுக்கான பாதுகாப்பு அளவை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்குள் திருட்டு வந்து சேர்ந்தது. காப்பீட்டு இழப்புகளைக் கணக்கெடுக்கும் ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிட்யூட் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, சார்ஜரின் மிகச் சக்திவாய்ந்த வகையான ஹெல்கேட்டின் திருட்டுக் கோரிக்கை விகிதம் சராசரிக் காரைப் போல் அறுபது மடங்கு. என்னுடையது ஹெல்கேட் இல்லை என்று காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிப் பயனில்லை, ஒரே குடும்பம். ஸ்டீயரிங் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். 372 குதிரைத்திறன் காருக்குள் அந்த மஞ்சள் கம்பியைப் பார்த்து என் மகள் சிரிப்பாள்.

இப்போது விலை. 1964 ஏப்ரலில் மஸ்டாங் வந்தபோது அடிப்படை விலை 2,368 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்தால் 2024 காசில் சுமார் 24,000 டாலர். அந்தக் காசுக்குக் கிடைத்தது ஆறு சிலிண்டர் எஞ்சினும் 1,100 கிலோ சொச்சம் எடையும்தான்; நாம் கனவு காணும் வி8 அதில் இல்லை. 2005 மஸ்டாங் ஜிடியின் விலை 25,000 டாலரை ஒட்டி இருந்தது, 300 குதிரைத்திறன். அதையும் பணவீக்கத்தோடு பெருக்கினால் 2024இல் 40,000 டாலர் வருகிறது. 2024 ஜிடி 42,000 டாலரை ஒட்டித் தொடங்கியது, 480 குதிரைத்திறன். விலை எங்கே எகிறியது? கடன் வட்டி 2022க்குப் பின் ஏறியது, 84 மாதத் தவணை சாதாரணமாகிவிட்டது. வலிக்கிற இடம் அங்கே இருக்கிறது. 2015இல் சேலஞ்சர் ஆர்/டி 31,495 டாலரில் தொடங்கியது. இவ்வளவு உலோகம், வி8, குடும்பம் உட்காரும் இடம் எல்லாம் அந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. (ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு: 2016இல் மஸ்டாங் ஜிடி இந்தியாவில் 65 லட்சம் ரூபாய். இங்கே அதில் பாதி கூட இல்லை.)

எனக்குக் கடுப்பு வந்தது கடைசி ஆண்டில் நடந்த கூத்தில்தான். 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் சேலஞ்சர் உற்பத்தி நின்றது. நிற்கப்போகிறது என்று தெரிந்ததுமே டீலர்கள் சிலர் விலைச்சீட்டுக்கு மேல் ஆயிரக்கணக்கில் வைத்தார்கள். நண்பர் ஒருவருக்குத் துணையாக ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். கடைசி மேசையில், கேட்காத பெயின்ட் பூச்சுப் பாதுகாப்பும் நைட்ரஜன் காற்றும் கணக்கில் ஏறியிருந்தன. எழுந்து வந்துவிட்டோம்.

எடையைக் குறைக்க என்ன விலை என்பதற்கு டாட்ஜே ஒரு வேடிக்கையான உதாரணம் தந்தது. சேலஞ்சரின் பந்தய வகையான 2018 டீமனில் முன் பயணி இருக்கையையும் பின்னிருக்கையையும் கழற்றிவிட்டு, 84,995 டாலருக்கு விற்றார்கள். இருக்கை வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் ஒரு டாலர். லேசாக வேண்டுமானால் எண்பதாயிரத்துக்கு மேல். கனமாக வேண்டுமானால் இன்னும் ஒரே ஒரு டாலர்!

செவர்லே இந்த எடைப் புலம்பலை நேர்மையாகக் கேட்டது. 2016 காமரோவைச் சிறிய ஆல்ஃபா தளத்துக்கு மாற்றி, 200 பவுண்டுக்கு மேல் இளைக்க வைத்து, எஸ்எஸ் வகையை 1,670 கிலோவுக்குக் கொண்டுவந்தது. அலுவலக நண்பர் ஒருவரிடம் அது இருக்கிறது. வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வளைவுகளில் என் கார் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஸ்டீயரிங் திருப்பியதும் மூக்கு திரும்புகிறது. ஆனால் உள்ளே ஜன்னல்கள் குறுகி, வெளியே எதுவும் தெரியவில்லை, பின்னிருக்கை பெயருக்குத்தான். விலையும் ஏறியது. 2018இல் சேலஞ்சர் அதை விற்பனையில் முந்தியது. மூன்று கார்களில் பழையதும் கனமானதும் முந்துகிறது என்றால், இணையத்தில் எடையைத் திட்டியவர்களும் பணம் கட்டியவர்களும் வெவ்வேறு ஆட்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. காமரோ 2024 மாடலோடு நின்றுவிட்டது.

ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் டிரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலத்தில் பழைய சேலஞ்சர் ஒன்றின் அருகே என்னுடையதை நிறுத்தும் வாய்ப்பு கிடைத்தது. ஐந்து மீட்டரைத் தாண்டிய என் கார், உயரமான இடுப்போடு அதற்கு அண்ணன் போல நின்றது. பழையதன் உரிமையாளர் என் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, குளிர்சாதனக் காற்றில் கொஞ்ச நேரம் இறங்க மறுத்தார்.

சேலஞ்சர் போனபின் வந்த ‘சார்ஜர் டேடோனா’ என்ற டாட்ஜின் மின்சாரக் காரையும் ஓட்டிப் பார்த்தேன். 100 கிலோவாட் மணி பேட்டரியோடு 5,838 பவுண்டு, அதாவது 2,650 கிலோவுக்கு நெருக்கம். என் காரைக் கனம் என்று சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன். நேர்கோட்டில் பாய்ச்சல் அபாரம். திரும்பும்போது அந்தக் கனத்தை எவ்வளவு மென்பொருள் போட்டும் மறைக்க முடியவில்லை. 2025 மாடலில் ஆர்/டி வகையே 59,595 டாலரில் தொடங்கியது. இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்திருக்கும் பெட்ரோல் சார்ஜரான சிக்ஸ்பேக் அதைவிட லேசு, விலையும் குறைவு. ஆனாலும் 2,000 கிலோவை எளிதாகத் தாண்டுகிறது.

ஆகவே இப்போதைக்கு மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. வாங்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை: தனியாக ஓட்டப்போகிறீர்கள், வளைவுகள் பிடிக்கும் என்றால் 2016க்குப் பிந்தைய காமரோ எஸ்எஸ்ஸைத் தேடுங்கள். குடும்பம் இருக்கிறது, ஒரே கார்தான் என்றால் 2015க்குப் பிந்தைய எட்டு கியர் ஆர்/டி. சேலஞ்சரின் 6.4 லிட்டர் வகையான ஸ்கேட் பேக் கிடைத்து, காப்பீடும் தாங்கும் என்றால் அதன் 485 குதிரைத்திறன் இந்த எடைக்குச் சரியான பொருத்தம். எதுவானாலும் முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் முகவரிக்குக் காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். குளிர்கால டயர்களின் விலையையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.