புயல் சேதத்தைக் கணக்கிட சென்டினல்-1 ராடார்: பல புயல்களுக்குப் பிறகு

மேகமோ இருட்டோ சென்டினல்-1க்கு, அதாவது ஐரோப்பாவின் ராடார் செயற்கைக்கோளுக்கு, தடையில்லை. படம் இலவசம், ஒரே வீச்சில் 250 கி.மீ. அகலம். ஆனால் 'இந்த வீடு இடிந்ததா' என்று கேட்டால் பதில் வராது. 'எந்தத் தெருக்களுக்கு முதலில் போகலாம்' என்று கேட்டால் வரும்.

ஜிஆர்டி (பிரகாசம் மட்டும் உள்ள) படங்களை ஒப்பிடுவது பெரும்பாலும் வீண் வேலை. எஸ்எல்சி (அலையின் கட்டமும் சேர்ந்த) படங்களை எடுங்கள்: புயலுக்கு முன் இரண்டு, பின் ஒன்று. மூன்றுக்கும் ஒரே ரிலேட்டிவ் ஆர்பிட் (பாதை) எண் இருக்க வேண்டும்; இரண்டு ஜோடிகளிலும் நாள் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். கோஹெரன்ஸ் என்பது இரு படங்களின் எதிரொலி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் அளவு. முன்-முன் ஜோடியின் கோஹெரன்ஸிலிருந்து முன்-பின் ஜோடியினுடையதைக் கழித்தால் சரிவு தெரியும்; பெரிய சரிவு சேதத்துக்கான அறிகுறி. ஸ்நாப் என்ற இலவச மென்பொருளில் கட்டளை வரிசை: ஸ்ப்ளிட், ஆர்பிட் ஃபைல், பேக் ஜியோகோடிங், கோஹெரன்ஸ், டீபர்ஸ்ட், டெரெய்ன் கரெக்‌ஷன். துல்லிய ஆர்பிட் ஃபைல் (செயற்கைக்கோள் போன பாதையின் விவரம்) வர சுமார் மூன்று வாரம் ஆகும். அவசரத்தில் அதையே கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. சீக்கிரம் கிடைக்கும், துல்லியம் சற்றுக் குறைந்த ரெஸ்டிட்யூட்டட் ஆர்பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோஹெரன்ஸ் ஜன்னலை (சேர்த்துக் கணக்கிடும் பிக்சல் கூட்டத்தை) 10×3 என வைத்தால் தரையில் ஏறக்குறைய 40 மீட்டர் சதுரம். அதற்குள் நாலைந்து வீடுகள் அடங்கிவிடும்.

பெரிய குறை கூரைதான். சாய்வாகப் பார்க்கும் ராடாருக்குச் சுவரும் தரையும் சேரும் மூலையிலிருந்துதான் பலமான எதிரொலி வருகிறது. தகரக் கூரை மொத்தமும் பறந்து சுவர் மட்டும் நின்றால், படத்தில் அந்த வீடு பழையபடியே மின்னக்கூடும். காற்றுச் சேதத்தில் இந்த வகை அடிக்கடி வரும் என்பதால் இதை லேசாக விட முடியாது.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. 5.6 செ.மீ. அலைக்கு இலை அசைந்தாலே போதும், கோஹெரன்ஸ் சரிந்துவிடும். தோப்புக்குள் இருக்கும் வீடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்-முன் ஜோடியில் கோஹெரன்ஸ் 0.6க்குக் கீழே உள்ள பிக்சல்களை நாங்கள் முதலிலேயே மறைத்துவிடுகிறோம். இந்த வரம்பு ஊருக்கு ஊர் மாறும்.

தெருவில் தேங்கிய வெள்ளம் அடுத்த ஏமாற்று. கட்டடம் முழுசாக நின்றாலும் வரைபடம் அதைச் சேதம் என்று காட்டும். இதற்கு வழி, தண்ணீர் வடிந்தபின் வரும் படத்தை புயலுக்கு முந்தைய படத்தோடு ஜோடி சேர்ப்பது. கோஹெரன்ஸ் மீண்டிருந்தால் அது தண்ணீர். மீளவில்லை என்றால் ஆள் அனுப்பிப் பாருங்கள். இந்த ஜோடியின் நாள் இடைவெளி நீண்டுவிடும் என்பதால் 24 நாள் ஜோடியை 24 நாள் ஜோடியோடுதான் ஒப்பிட வேண்டும். 12 நாள் ஜோடியோடு ஒப்பிட்டால் ஊரே இடிந்ததுபோல் வரும்.